கூட்டத்தோடு சேரத் துடிக்கும் வயது: பிள்ளைகளுக்கு எந்தப் படங்களைப் போடலாம்?

#1 செம்பூர்க்காரி | ஞாயிறு இரவு 9.50

மே விடுமுறையில் இங்கே மும்பையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி ஹாலில் பிள்ளைகளுக்குப் படம் போடுவது வழக்கம். எட்டாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கிறவர்கள். முக்கால்வாசி தமிழ்க் குடும்பங்கள்தான், ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இந்தி. இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றிப் படங்களை எடுக்கலாம் என்று யோசனை. கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், தனியாகத் தெரிந்துவிடக் கூடாது என்று அந்த வயதில் வருகிற தவிப்பும் அதற்காகப் பிள்ளைகள் செய்கிற காரியங்களும். உங்களுக்குத் தோன்றும் படத்தைச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள்.

முதலில் என் பக்கம். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோர் வாயிலும் வருவது 'மீன் கேர்ள்ஸ்', 2004. ரோசலிண்ட் வைஸ்மன் எழுதிய ஒரு கட்டுரைப் புத்தகத்தை வைத்து டினா ஃபே எழுதிய திரைக்கதை. ஆப்பிரிக்காவில் வளர்ந்து, வீட்டிலேயே பாடம் படித்த கேடி, பதினாறு வயதில் முதன்முறையாக அமெரிக்கப் பள்ளிக்குள் நுழைகிறாள். பள்ளியையே ஆட்டிவைக்கும் மூன்று பெண்களை வேவு பார்க்கப் போனவள், கொஞ்ச நாளில் அவர்களில் ஒருத்தியாகவே ஆகிவிடுகிறாள். அதில் என் மனதில் நின்றது ரோஸ் நிற உடை விதியோ கிண்டல் வசனங்களோ இல்லை. கணக்கில் புலியான அந்தப் பெண், தனக்குப் பிடித்த பையன் சொல்லிக்கொடுக்கட்டும் என்று தெரிந்தே கணக்கைத் தப்பாகப் போடுகிறாள். யாரும் அவளை மிரட்டவில்லை. அவளாகவே தன்னைக் குறைத்துக்கொள்கிறாள்.

இந்த வகைப் படங்களில் பாதிக்கு மேல் ஒரு கெட்ட கூட்டத்தைக் காட்டி, கடைசியில் மேடையில் ஒரு பேச்சு வைத்து முடித்துவிடுகிறார்கள். பார்க்கிற பிள்ளை, 'எங்கள் வகுப்பில் அப்படி யாரும் இல்லையே' என்று எழுந்து போய்விடும். வெளியிலிருந்து கூட்டம் தள்ளுவதைவிட உள்ளேயிருந்து மனசு இழுப்பதுதான் அதிகம் என்பது என் கட்சி. அந்த இழுப்பில் முதலில் அடிபடுவது வீட்டில் இருப்பவர்கள். அம்மா, பாட்டி, ஒன்றாவதிலிருந்து கூட வந்த சிநேகிதி. அதைக் காட்டுகிற படங்கள்தான் எனக்கு வேண்டும்.

அதனால் என் பட்டியலில் முதலில் 'லேடி பேர்ட்', 2017, கிரெட்டா கெர்விக் எடுத்தது. லேடி பேர்ட் என்கிற அந்தப் பள்ளிப் பெண் அப்பாவின் காரைப் பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்கிறாள். வேறு யாருடையதோ ஆன பெரிய நீல வீட்டைத் தன் வீடு என்று பணக்காரத் தோழியிடம் சொல்லிவைக்கிறாள். உயிர்த் தோழி ஜூலியைக் கழற்றிவிடுகிறாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கூடுதல் ஷிஃப்ட் பார்த்துக் குடும்பத்தை ஓட்டுகிற நர்ஸ்.

#2 அரோரா பால்கனி | ஞாயிறு இரவு 10.35

கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் இந்த விஷயத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் இந்திப் படம், 'ஜோ ஜீத்தா வோஹி சிக்கந்தர்', 1992, மன்சூர் கான். எல்லோரும் அதைச் சைக்கிள் பந்தயப் படம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். திரும்பப் பாருங்கள். டேராடூனில் டீக்கடை மாதிரி சின்ன கஃபே நடத்துகிறவரின் இளைய மகன் சஞ்சய். மாடல் காலேஜில் படிக்கிறவன், பெரிய வீட்டுப் பெண் ஒருத்தியிடம் நான் சேவியர்ஸ் காலேஜ், கோடீஸ்வரன் மகன் என்று பொய் சொல்கிறான். பொய் வெளியானதும் அவள் போய்விடுகிறாள். இத்தனைக்கும் அவனை நிஜமாக நேசிக்கிற பெண் கராஜில் கைகளில் கிரீஸோடு நிற்கிறாள். செம்பூர்க்காரி அக்கா சொன்ன 'வீட்டை மறைப்பது' இந்தப் படத்தின் முதல் பாதி முழுக்க இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 'ரெபெல் வித்தவுட் எ காஸ்', 1955, நிக்கோலஸ் ரே. ஜேம்ஸ் டீன் அந்தப் படம் வெளிவரும் முன்பே கார் விபத்தில் இறந்துபோனார். அதில் இரண்டு பையன்கள் திருட்டுக் கார்களை மலை முனை நோக்கி ஓட்டுவார்கள், முதலில் குதிக்கிறவன் கோழை. அந்தப் பந்தயத்துக்கு முன்னால் இருவரும் முனையில் நின்று கீழே எட்டிப்பார்க்கிறார்கள். எதிரி என்று நாம் நினைத்த பையன், எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது என்கிறான். அப்படியானால் எதற்கு இதைச் செய்கிறோம் என்று டீன் கேட்கிறார். ஏதாவது செய்தாக வேண்டுமே என்பதுதான் பதில். இருவருக்கும் பகை இல்லை, வீம்பும் இல்லை. சுற்றி நின்று பார்க்கிற கூட்டம் இருக்கிறதே, அதற்காகப் போகிறார்கள். கடைசி நொடியில் அந்தப் பையனின் சட்டைக்கை கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொள்கிறது, அவனால் குதிக்க முடியவில்லை. எழுபது வருஷம் ஆகிவிட்டது, நம் ஹார்பர் லைன் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு வீடியோ எடுக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டைக்கைதான் கண்ணில் வருகிறது.

#3 பதினொன்றாவது | திங்கள் மாலை 5.10

எனக்குத் தமிழ் பேச நன்றாக வரும், எழுத மெதுவாகத்தான் வரும், அதனால் நான் சொல்லச் சொல்ல அம்மா தட்டச்சு செய்கிறார். இந்தப் படம் போடும் நிகழ்ச்சிக்கு வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதனால் கேளுங்கள்.

ஜேம்ஸ் டீன் படம் வேண்டாம் அங்கிள். நல்ல படமாக இருக்கலாம். எங்கள் வயதில் யாரும் உட்கார மாட்டார்கள். 'ஜோ ஜீத்தா' ஓகே, பாட்டு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் அவன் கடைசியில் பந்தயத்தில் ஜெயித்துவிடுகிறான், அதனால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஜெயிக்காதவர்கள் என்ன செய்வது?

என் ஓட்டு 'எய்த் கிரேட்', 2018. அதில் கெய்லா என்ற பெண் தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்று யூடியூபில் வீடியோ போடுகிறாள், யாருமே பார்ப்பதில்லை. பள்ளியிலோ அவளுக்கு மிக அமைதியானவள் என்று பட்டம் கொடுக்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். காலையில் எழுந்து, வீடியோ பார்த்து மேக்கப் போட்டு, தலைமுடியைச் சரிசெய்து, திரும்பப் போய்ப் படுக்கையில் படுத்துக்கொண்டு, இப்போதுதான் எழுந்த மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுகிறாள். எங்கள் வகுப்பில் இதைச் செய்யாதவர்கள் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் படத்தில் கெட்டவள் என்று யாரும் இல்லை. பணக்காரப் பெண்ணின் பிறந்தநாளுக்கு நீச்சல்குளத்துக்கு வரச் சொல்கிறார்கள், இவள் போகிறாள், யாரும் எதுவும் சொல்லாமலே இவளுக்கு மூச்சு முட்டுகிறது. அதுதான் உண்மை.

இன்னொன்று. ஜூனியர் காலேஜ், அதாவது பதினொன்றாவது, போனால் தெரியும். பத்தாவது வரை யூனிஃபார்ம் இருந்தது, அது போனதும் ஒவ்வொரு காலையும் அலமாரி முன்னால் நிற்பதே பரீட்சை. பெரியவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள்.

#4 முலுண்ட் டீச்சர் | திங்கள் இரவு 8.20

பதினொன்றாவது, நீ சொன்ன கடைசிப் பத்தியை என் வகுப்பில் இருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். எழுதிக்கொடுத்த அம்மாவுக்கும் நன்றி.

'எய்த் கிரேட்' பற்றி ஒரு தகவல். அமெரிக்காவில் அதற்கு ஆர் சான்றிதழ் கொடுத்தார்கள், அதாவது அந்தப் படம் யாரைப் பற்றியதோ அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் போக முடியாது. காரணம் மொழியும் சில காட்சிகளும். காரின் பின்சீட்டில் பெரிய பையன் ஒருவன் அவளை நெருக்கும் காட்சி இருக்கிறது. அவள் மறுக்கிறாள், மறுத்த பிறகு அவளே மன்னிப்புக் கேட்கிறாள். என்னைக் கேட்டால் அந்த ஒரு காட்சிக்காகவே பெண் பிள்ளைகளும் பையன்களும் இதைச் சேர்ந்து பார்க்க வேண்டும், ஆனால் எட்டாவது பிள்ளைகள் இருக்கும் ஹாலில் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

நான் உளவியல் பாடம் எடுப்பவள், அதனால் இரண்டு ஆய்வுகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் செய்தது. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள், எது சமம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஆஷின் ஆட்கள், அவர்கள் ஒரே குரலில் தப்பான பதிலைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட சுற்றுகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு ஒத்துப்போயின. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்ல, கல்லூரி மாணவர்கள். கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், அந்த ஒத்துப்போதல் மிகக் குறைந்துவிடும். இன்னொன்று 2005இல் கார்ட்னரும் ஸ்டீன்பெர்க்கும் செய்தது. வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு. தனியாக விளையாடும்போது ஒரு மாதிரி விளையாடிய பதின்ம வயதினர், பக்கத்தில் நண்பர்கள் இருந்தபோது கூடுதலாக ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பால்கனி சார் சொன்ன சட்டைக்கைக் காட்சிக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அதனால் படம் தேர்ந்தெடுக்கும்போது 'அந்த இன்னொருவர்' யார் என்று பாருங்கள். ஜூலி இருக்கிறாளே, அவள்தான். 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் கூனிக் குறுகும் பரியனுக்கு ஜோ அப்படி. ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை நிமிர்ந்துவிடும்.

#5 டோம்பிவிலி அப்பா | திங்கள் இரவு 9.05

எல்லோரும் ரொம்பக் கனமாகப் போகிறீர்கள். விடுமுறை என்று வருகிற பிள்ளைகள். 'இன்சைட் அவுட் 2' போடுங்கள், 2024. ரைலிக்கு பதின்மூன்று வயது, ஹாக்கி முகாமுக்குப் போகிறாள். கூட வந்த இரண்டு தோழிகளும் அடுத்த வருஷம் வேறு பள்ளிக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும், பெரிய பெண்களின் குழுவில் இடம் பிடிக்க அவர்களை ஒதுக்குகிறாள். அவள் தலைக்குள் இருக்கும் உணர்ச்சிகள் ஒவ்வொன்றும் ஓர் உருவமாக வரும். அதில் பதற்றம் என்கிற ஆரஞ்சு நிற உருவம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நாளைக்கு என்னென்ன தப்பாகப் போகலாம் என்று படம் படமாக வரைய வைக்கும் காட்சியை என் மகள் பார்த்துவிட்டு, அப்பா எனக்கும் இப்படித்தான் நடக்கிறது என்றாள். அதுவரை அவள் தூங்காமல் புரள்வதற்குச் செல்போன்தான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

#6 கோலிவாடா தம்பி | செவ்வாய் காலை 7.40

சயான் கோலிவாடாவில் வளர்ந்தவன், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்துவிட்டு வேறு பள்ளிக்கு மாறியவன். இந்த இழையை ராத்திரி முழுக்கப் படித்தேன். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் ஒன்று விடுபடுகிறது.

'ஃபான்ட்ரி' பார்த்திருக்கிறீர்களா? 2013, நாகராஜ் மஞ்சுளே எடுத்த முதல் முழுநீளப் படம், மராத்தி. ஊரில் பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன் ஜப்யா. வகுப்பில் படிக்கிற மேல்சாதிப் பெண் ஷாலுவை ஒரு வார்த்தை பேசாமல் தூரத்திலிருந்தே விரும்புகிறான். அவனுக்கு ஒரு ஜீன்ஸ் வேண்டும். அவ்வளவுதான் ஆசை, மற்ற பையன்கள் போட்டிருக்கிற மாதிரி ஒன்று. அதற்காகச் சைக்கிளில் ஐஸ் விற்கிறான்.

கடைசிப் பகுதியைச் சொல்கிறேன். ஊர்த் திருவிழாவுக்காகப் பன்றிகளைப் பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடும்பம் முழுக்க இறங்கி ஓடுகிறது. அப்பா, அம்மா, அக்கா எல்லோரும். கூடப் படிக்கிற பையன்கள் மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஷாலுவும் அங்கே இருக்கிறாள். ஜப்யா செடி மறைவிலும் சுவர் மறைவிலும் ஒளிந்து ஒளிந்து நிற்கிறான், அப்பா கத்தக் கத்த வெளியே வர மாட்டேன் என்கிறான். பன்றி கைக்கெட்டும் நேரத்தில் பள்ளியில் தேசிய கீதம் ஆரம்பிக்கிறது. ஜப்யா அசையாமல் நிற்கிறான், அவனைப் பார்த்து அப்பாவும் நிற்கிறார், பன்றி போய்விடுகிறது. அப்புறம் ஒரு வழியாகப் பிடித்து, கட்டி, கம்பில் தொங்கவிட்டுச் சுமந்து போகிறார்கள். பின்னால் பள்ளிச் சுவர், அதில் அம்பேத்கர் படம், சாவித்ரிபாய் படம்.

செம்பூர்க்காரி அக்கா, வீட்டை மறைக்கிற பிள்ளை வீட்டைக் காயப்படுத்துகிறது என்றீர்கள். ஜப்யாவும் அப்பாவிடமிருந்து ஒளிகிறான்தான். ஆனால் அவன் ஒளிந்தது பெருமைக்காக இல்லை. 'நீ நீயாக இரு' என்று அந்தப் பையனிடம் சொல்ல முடியுமா? அவன் அவனாக இருப்பது என்றால் அந்த ஊர்க் கணக்கில் பன்றி பிடிப்பது. லேடி பேர்டுக்கு அவள் அம்மாவை ஏற்றுக்கொண்டால் கதை முடிந்துவிடும். இவனுக்கு ஊர் மாற வேண்டும். கூட்டத்தில் சேர ஆசைப்படுவதையே குற்றம் மாதிரி பேசும் படங்களைப் போட்டால், ஹாலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் யாருக்கு எந்த வாசல் பூட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாமலே அடித்துவிடுவோம். தாராவி முகவரியைச் சொன்னாலே முகம் மாறுகிற இடங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. அதனால் பக்கத்திலிருக்கும் சயான் என்று மாற்றிச் சொல்கிற பையன்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

#7 செம்பூர்க்காரி | செவ்வாய் மதியம் 2.15

தம்பி, 'ஃபான்ட்ரி' கட்டாயம் உண்டு. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஆனால் என் கட்சியையும் விடமாட்டேன், ஏனென்றால் அந்த ஹாலுக்கு வரப்போகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு வாசல் திறந்தே இருக்கிறது, இருந்தும் வீட்டை வெளியே நிறுத்துகிறார்கள். எங்கள் கட்டடத்தில் ஓர் அம்மா, சமையல் வேலைக்குப் போகிறவர். மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனார். மழை நேரம், சேலை முழங்கால் வரை நனைந்திருக்கிறது, குடை கம்பி உடைந்து ஒரு பக்கம் தொங்குகிறது. மகள் தோழிகளோடு வந்தாள். கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மா என்னிடம் இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன கஷ்டமோ என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் பார்க்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றுதான் தோன்றியது.

அதற்கு 'அம்மா கணக்கு', 2016. அஷ்வினி ஐயர் திவாரி இந்தியில் 'நில் பட்டே சன்னாட்டா' என்று எடுத்து, தமிழிலும் அவரே எடுத்தது, தனுஷ் தயாரிப்பு, இளையராஜா இசை. வீட்டு வேலை செய்கிற அம்மா, பத்தாவது படிக்கிற மகள். கணக்கு வராது, படிப்பில் ஆர்வமும் இல்லை. வேலைக்காரி மகள் வேலைக்காரிதானே ஆவேன் என்கிறாள். மகளைப் படிக்க வைக்க அந்த அம்மா அதே பள்ளியில், அதே வகுப்பில், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு சேர்ந்துவிடுகிறார். இவர் என் அம்மா என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று மகள் தவிக்கும் தவிப்புதான் பாதிப் படம். அமலா பால் நன்றாகவே செய்திருக்கிறார், என்றாலும் இந்தியில் ஸ்வரா பாஸ்கர் செய்தது எனக்கு இன்னும் ஒரு படி மேல். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் புரியும், தமிழில் போட்டால் பாட்டிகளும் வந்து உட்காருவார்கள்.

#8 முலுண்ட் டீச்சர் | செவ்வாய் இரவு 8.50

தம்பி சொன்னதும் அக்கா சொன்னதும் அடுத்தடுத்த நாளில் ஓட வேண்டும். முதல் நாள் 'அம்மா கணக்கு', மறுநாள் 'ஃபான்ட்ரி'. மறைக்கிற இரண்டு பிள்ளைகள். எது ஒன்று, எது வேறு என்று பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

பையன்களுக்காக ஒன்று கேட்கிறேன். இந்தப் பேச்சு எப்போதும் பெண் பிள்ளைகளின் உடை, மேக்கப், தோழிகள் என்று போய்விடுகிறது. பையன்கள் எதை இழக்கிறார்கள் என்று பார்க்க 2022இல் வந்த 'க்ளோஸ்' என்ற பெல்ஜியப் படம் இருக்கிறது, லூகாஸ் டோன்ட் இயக்கியது, கான் விழாவில் கிராண்ட் ப்ரி பகிர்ந்துகொண்டது. பதின்மூன்று வயது இரண்டு பையன்கள், சேர்ந்தே வளர்ந்தவர்கள். புதுப் பள்ளியில் சேர்ந்ததும் ஒரு பெண், நீங்கள் ஜோடியா என்று சாதாரணமாகத்தான் கேட்கிறாள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஒருவன் விலக ஆரம்பிக்கிறான். தோளில் சாய மாட்டான், பக்கத்தில் படுக்க மாட்டான், ஐஸ் ஹாக்கியில் சேர்ந்து முகத்துக்குக் கம்பி மாட்டிக்கொள்கிறான். ஹாலில் போட வேண்டாம், அதில் ஒரு பிள்ளையின் மரணம் இருக்கிறது, தாங்காது. ஆனால் பையன்களைப் பெற்றவர்கள் அவசியம் பாருங்கள்.

#9 டோம்பிவிலி அப்பா | செவ்வாய் இரவு 9.30

பையன்கள் என்றதும் சொல்லியாக வேண்டும், 'வழக்கு எண் 18/9', 2012, பாலாஜி சக்திவேல். எல்லோரும் அதில் பிளாட்பாரக் கடைப் பையனையும் ஆசிட்டையும் நினைவில் வைத்திருக்கிறோம். இன்னொரு பக்கம் ஒரு பணக்காரப் பள்ளிக்கூடப் பையன் இருக்கிறான். மாடி வீட்டுப் பெண்ணோடு பழகி, அவளுக்குத் தெரியாமல் செல்போனில் படம் எடுத்து, நண்பர்களுக்குக் காட்டுகிறான். அவனுக்கு அந்தப் பெண் முக்கியமில்லை, பார்த்து வாயைப் பிளக்கிற நண்பர்கள்தான் முக்கியம். அங்கிருந்துதான் எல்லா நாசமும் ஆரம்பிக்கிறது. அன்றைக்குப் பணக்காரப் பையன் கையில் இருந்த செல்போன் இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிறது. என் மகனோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். அவன் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் என்னென்ன சுற்றுகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டான், படம் பார்த்தால் ஒருவேளை பேசுவான்.

#10 பதினொன்றாவது | புதன் மாலை 4.45

'எ சைலண்ட் வாய்ஸ்' யாருமே சொல்லவில்லை! 2016, ஜப்பான் அனிமே, நவோகோ யமாடா இயக்கியது. அனிமே என்று போர்டு வைத்தால் கூப்பிடாமலே எல்லோரும் வருவார்கள். ஆறாவது வகுப்புக்குக் காது கேளாத ஒரு பெண் புதிதாக வருகிறாள். ஷோயா என்ற பையன் அவளைச் சீண்டுகிறான், காதுக் கருவியைப் பிடுங்கி எறிகிறான், வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. பிரின்சிபல் வந்து கேட்டதும் எல்லோரும் விரலை அவன் பக்கம் மட்டும் நீட்டுகிறார்கள். சிரித்தவர்கள் யாரும் தாங்கள் சிரித்ததாகவே சொல்வதில்லை. அதன்பிறகு அவன்தான் தனியாகிறான். உயர்நிலைப் பள்ளியில் அவன் கண்ணுக்கு எல்லோர் முகத்திலும் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கும், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாது. ஒவ்வொருவராக அது கழன்று விழும்.

எங்கள் பள்ளியிலும் ஒரு பெண்ணை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கினார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. மாமிகளே, அங்கிள்களே, அதனால்தான் ராணி மாதிரி ஒரு கெட்ட பெண்ணை வைத்து எடுத்த படத்தைவிட இது எனக்கு நிஜமாகத் தெரிகிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன், இதிலும் தற்கொலை எண்ணம் வருகிறது. டீச்சர் கூட இருந்தால் நல்லது.

#11 அரோரா பால்கனி | புதன் இரவு 10.00

ஜேம்ஸ் டீனை விட்டுக்கொடுக்கிறேன். அனிமேயை என் பேரனோடு இன்றைக்கே பார்க்கிறேன். 'ஜோ ஜீத்தா'வை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஐந்து கனமான படங்களுக்கு நடுவில் பிள்ளைகள் கூடச் சேர்ந்து பாடுகிற மாதிரி ஒன்று வேண்டும். ஜெயிக்காதவர்கள் என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. அதைப் படம் முடிந்ததும் ஹாலில் கேட்கச் சொல்லுங்கள்.

#12 கோலிவாடா தம்பி | வியாழன் காலை 8.10

ஒரு வேண்டுகோள். 'ஃபான்ட்ரி'யில் கடைசியில் ஜப்யா கல்லெடுத்து எறிவான், அது நேராகக் காமிராவை நோக்கி, அதாவது நம்மை நோக்கி வரும், படம் முடிந்துவிடும். உடனே யாரும் மைக்கைப் பிடித்து விளக்கம் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்குப் புரியும். பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆகும்.

#13 செம்பூர்க்காரி | வியாழன் இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தாகிவிட்டது. முதல் வாரம் 'இன்சைட் அவுட் 2', 'ஜோ ஜீத்தா'. இரண்டாவது வாரம் 'அம்மா கணக்கு', மறுநாளே 'ஃபான்ட்ரி'. மூன்றாவது வாரம் 'எ சைலண்ட் வாய்ஸ்', அப்புறம் ஒன்பதாவதும் அதற்கு மேலும் படிக்கிறவர்களுக்கு மட்டும், வீட்டில் கேட்டுக்கொண்டு, 'எய்த் கிரேட்'. 'லேடி பேர்ட்' எனக்குப் பிடித்ததுதான், ஆனால் அந்த வயதுக்கு வேண்டாத காட்சிகள் அதில் உண்டு, அம்மாக்கள் தனியாக ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். டீச்சர், மூன்றாவது வாரம் இரண்டு நாளும் நீங்கள் வர முடியுமா? முலுண்டிலிருந்து தூரம்தான், திரும்பிப் போக வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன்.

'ஃபான்ட்ரி'க்கு பிள்ளைகளுக்குச் சப்டைட்டில் தேவையில்லை, பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கிற தாத்தா பாட்டிகளுக்காகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

#14 பதினொன்றாவது | வியாழன் இரவு 9.45

ஆன்ட்டி, இரண்டு விஷயம். பெற்றோர் எல்லோரும் பின்வரிசையில் உட்காரட்டும், தங்கள் பிள்ளை பக்கத்தில் வேண்டாம். அப்புறம், படம் முடிந்ததும் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்.

#15 முலுண்ட் டீச்சர் | வியாழன் இரவு 10.10

வருகிறேன். இரண்டு நாளும். பதினொன்றாவது சொன்னதை நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்.